அக்கா இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும்

1

வருகிற வாரத்தோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. கனடா விமான நிலையத்தில் அவளுக்குக் கொடுத்தது ஆறு மாதம். பிறகு நான் விண்ணப்பித்து வாங்கியது இன்னும் ஆறு மாதம். அதுவும் முடியப்போகிறது. மறுபடி நீடிக்க வேண்டுமானால் திகதி முடிவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பிவிட வேண்டும்.

சின்னவன் மதியத்தில் தூங்கும் நேரம் பார்த்து, சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பெயர், பிறந்த இடம், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் போட்டாகிவிட்டது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. சொந்த நாட்டில் நிரந்தர முகவரி. சென்ற தடவை யோசிக்காமல் எழுதினேன்: லயத்தின் இலக்கம், மேல் கணக்கு என்ற பிரிவு, தேயிலைத் தோட்டத்தின் பெயர், பெரகல. இந்தத் தடவை என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள், "ஒங்க அக்காவுக்கு என்னா, கனடாவுல இருக்கா, குடுத்து வச்சவ" என்கிறார்கள். நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். அப்படிச் சொல்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

2

அக்காவின் பெயர் புஷ்பராணி. எனக்குப் பத்து வயது மூத்தவள். அம்மா இறந்த வருடம் அவள் தோட்டத்தில் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். நான் பதுளையில் விடுதியில் தங்கிப் படித்தேன். இந்த இடத்தில் தியாகம் என்று ஏதாவது எழுதினால் அவள் சிரிப்பாள். "ஒனக்குப் படிப்பு வந்துச்சு, எனக்கு வரல. இதுல என்னாடி இருக்கு" என்பாள். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறவர்களுக்கும் அவளிடம் ஒரு பதில் இருக்கிறது. "பாக்க வந்தவனுக்கு ரொட்டி சுட்டுக் குடுத்தேன். நல்லாருக்குன்னு தின்னுட்டுப் போனான். திரும்பி வர்றதுக்கு பஸ் இன்னும் வரலயாம்."

அப்பாவும் போன பிறகு காம்பரா அவள் பொறுப்பில் வந்தது. தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடான லயத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த ஒற்றை அறையைத்தான் சொல்கிறேன். வேலையில் பெயர் இருக்கிறவரை காம்பரா. இது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கும் தெரியும். தெரிந்திருந்தது என்று எழுதுவது சரியாக இருக்கும்.

என் கணவர் சிவா பதுளை டவுன்காரர். அவர்களுக்கு பஜாரில் கடை இருக்கிறது. தோட்டத்துப் பெண்ணை எடுக்கிறாரே என்று அவர் வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அடங்கியது. மூத்தவள் ஆரணி பிறந்தபோது இங்கே எங்களுக்கு யாரும் இல்லை. குழந்தை மூச்சு விடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தே நான் தூக்கத்தை இழந்தேன். ஒரு கட்டத்தில், கதவைப் பூட்டினேனா என்று பார்க்கப் போனால் திரும்பி வந்து மறுபடி பார்க்கப் போவேன். இரண்டாவது குழந்தை என்று தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது அந்தப் பயம்தான். மாமியாருக்கு முழங்கால் வலி, பயணம் செய்ய முடியாது. அக்காவைக் கேட்டேன்.

"நா வந்து என்னா செய்யப் போறேன்?" என்றாள்.

"பக்கத்துல இரு, போதும்."

"அதுக்கு ஏரோப்பிளேன்ல வரணுமா?" என்று சிரித்தவள், மறுநாளே பண்டாரவளைக்குப் போய்க் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டாள்.

விசா கிடைத்ததே எங்களுக்கு ஆச்சரியம். விமான நிலையத்தில் எவ்வளவு காலம் தங்குவீர்கள் என்று பெண் அதிகாரி ஒருவர் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டிருக்கிறார். "பாப்பாவுக்குத் தல நிக்கிற வரைக்கும்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டாராம். "என்னமோ சொன்னாரு, அந்தம்மா சிரிச்சிட்டு ஆறு மாசம் போட்டுருச்சு" என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வந்த புதிதில் அவளைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப் போனேன். அவள் வெற்றிலை கேட்டதைக் கேட்டு, கடைக்கார அம்மா, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

"இல்லீங்க, பதுள."

"பதுளையிலை எவடம்?"

"பதுளன்னா பதுள டவுன் இல்லீங்க. பெரகலைக்கு மேல, தோட்டம். கொழுந்தெடுக்குறேன்."

"ஓ, தோட்டமோ" என்று அந்த அம்மா நல்ல வெற்றிலையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கடைக்கு நான் ஐந்து வருடமாகப் போகிறேன். இதே கேள்விக்கு இத்தனை காலமும் "பதுளை" என்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். காரில் ஏறும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவள் வெற்றிலையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

3

ஆரணிக்கு ஐந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதைப் பற்றி நானும் சிவாவும் அடிக்கடி கவலைப்படுவோம். கவலைப்படுவதையும் பாதி ஆங்கிலத்தில்தான் செய்வோம். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் ஆரணிக்கு வேறு வழியில்லாமல் தமிழ் வந்தது. வந்தது அக்காவின் தமிழ்.

ஒருநாள் பள்ளியிலிருந்து ஆசிரியை கூப்பிட்டார். ஆரணி மற்றப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்து ஒரு சொல்லைச் சொல்லிக் கத்துகிறாளாம். பிள்ளைகளும் விருப்பமாக நிற்கிறார்களாம். அது என்ன சொல் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். "பெரட்டு" என்பதை அவர் உச்சரித்த விதத்தில் எனக்கே புரிய நேரம் எடுத்தது.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் கங்காணி ஆட்களை ஒன்றுகூட்டி, இன்றைக்கு யார் யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துவிடுவது. மலை என்றால் தேயிலை நட்ட சரிவு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். நான் ஆசிரியையிடம், எங்கள் ஊரில் காலையில் கூடும் ஒரு கூட்டம் என்றேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் போலா என்றார். ஆமாம், அது மாதிரிதான் என்றேன். மிகவும் இனிமையாக இருக்கிறது என்றார்.

வீட்டில் மாலையானால் பெரட்டுதான். சோபாவின் முன்னால் பொம்மைகள் வரிசையில் நிற்கும். ஆரணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பாள். கரடிக்கு ஒன்பதாம் நம்பர். முயலுக்குப் புல்லு வெட்டு. தம்பி பாப்பாவைக் கூடையில் படுக்க வைத்து அவனுக்கும் ஒரு வேலை. வரிசையின் கடைசியில் அக்கா, துணி மடித்துக்கொண்டே நிற்பாள்.

"பெரியம்மா, நீங்க?"

"எனக்கு நாலாம் நம்பர் குடுங்க கங்காணி."

"நேத்தும் நாலாம் நம்பர்தான் கேட்டீங்க."

"நாளைக்கும் அதான் கேப்பேன்."

நாலாம் நம்பர் மலை எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிறது. மூடுபனி இல்லாத காலையில் அங்கே நின்றால் கீழே மொனராகலைப் பக்கத்துச் சமவெளி வரைக்கும் தெரியும். குளங்கள் தகரத் துண்டுகள் மாதிரி மின்னும். ஒருநாள் நான் கேட்டேன், "நெசமாவே அந்த மலையதான் கேப்பியாக்கா?"

"நெசப் பெரட்டுல கேக்க முடியுமா? போடுற எடத்துக்குப் போக வேண்டியதுதான்" என்றாள். "இது நம்ம புள்ள பெரட்டு. இதுல கேக்கலாம்ல."

4

அக்கா வரும்போது காம்பராவை வெறுமனே பூட்டிவிட்டு வரவில்லை. எங்கள் லயத்தில் யாராவது நீண்ட பயணம் போனால் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களிடம் பூட்டின் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சாயங்காலம் போய் அடுப்பு மூட்டி ஒரு சட்டி தண்ணீர் வைப்பார்கள். கீழே ஆபிஸ் பாதையிலிருந்து பார்த்தால் எந்தக் கூரையில் புகை இருக்கிறது, எதில் இல்லை என்பது தெரியும். புகை இருந்தால் ஆள் இருக்கிறது. புகை நின்ற காம்பராவை வேறு யாராவது கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவர்கள், சவுதிக்குப் போனவர்கள் எல்லோருடைய காம்பராவும் இப்படிப் புகையால்தான் காப்பாற்றப்பட்டது.

அக்காவின் அடுப்பை மூட்டியவள் மல்லிகா அக்கா. பக்கத்துக் காம்பரா, அக்காவோடு ஒன்றாகக் கொழுந்துக்குப் போகிறவள். எங்கள் பிரிவு வேலையைப் பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் அக்கா, தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு, போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை.

வாரத்தில் மூன்று நாலு தடவையாவது மல்லிகா அக்காவின் குரல் எங்கள் சமையலறையில் கேட்கும். தொலைபேசியில் குரலைப் பதிந்து அனுப்புவாள்.

"என்னாடி புஷ்பம், வெள்ளக்காரியா ஆயிட்டியா? ஒன் அடுப்புக்கு வெறகு பொறுக்கியே எனக்கு இடுப்பு போச்சு. வந்து மருந்து தேய்ச்சு விடு."

அக்கா பதிலுக்கு, "என் அடுப்புல ஒன் புருசனுக்குச் சோறு ஆக்கிக் குடுக்குறியாம்னு கேள்விப்பட்டேன். சட்டி கரி பிடிச்சிருந்துச்சு, தொலஞ்ச" என்பாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்பாள், "பொக போகுதுல்ல?"

"போகுது போகுது. மேல வரைக்கும் போகுது."

இதைக் கேட்டுக்கொண்டே நான் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன். வேடிக்கையாக இருக்கும். வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

5

நான் செய்தது ஒப்பந்த வேலை. சின்னவனுக்கு ஆறு மாதம் ஆவதற்குள் திரும்பிப் போகாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். குழந்தைகள் காப்பகத்தில் இடம் இல்லை, பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருங்கள் என்றார்கள். அக்கா சொன்ன தலை நிற்கும் கணக்குப்படி பார்த்தால் குழந்தை எப்போதோ தலை நின்று, உட்காரவும் தொடங்கியிருந்தான்.

அவள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். வெள்ளிக்கிழமை தலை முழுகி, சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, என்னவோ அப்போதுதான் ஞாபகம் வந்தது போல, "எப்ப டிக்கட் போட்டுருக்க?" என்பாள். திகதியைச் சொல்வேன். "சரி சரி" என்று போய்விடுவாள். அந்தக் கேள்வி என்னைக் குத்தும். நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லையோ, குளிர் ஒத்துக்கொள்ளவில்லையோ, சிவா ஏதாவது சொல்லிவிட்டாரோ என்றெல்லாம் யோசிப்பேன். அவள் கேட்காமல் இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று ஒருநாள் சிவாவிடமே சொன்னேன்.

இன்னும் ஆறு மாதம் இருக்கிறாயா என்று கேட்டபோது அவள் குழந்தைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"இருக்க விடுவாங்களா?"

"எழுதிக் கேக்கலாம்."

"மல்லிகாகிட்ட சொல்லணும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சரி, நீ சொன்னா சரி" என்றாள். அது சம்மதமா என்று நான் இன்று வரைக்கும் யோசிக்கிறேன். அன்றைக்கு அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் ஏன் நீடிக்க வேண்டும் என்று விளக்கம் எழுத வேண்டும். பார்க்க வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது, அதனால் குழந்தை பார்ப்பதற்கு என்று எழுத எனக்குப் பயம்.

"அப்ப நா இங்க வேல செய்யலயா?" என்றாள் அக்கா.

"செய்யுறேன்னு எழுதக் கூடாதுக்கா."

"என்னான்னு எழுதப் போற?"

"தங்கச்சி குடும்பத்தோட இருக்குறதுக்குன்னு."

"சும்மாவா?"

"சும்மா."

"என் பேருல, சும்மா இருந்தான்னு கடுதாசி எழுதுறது இதான் மொதத் தடவ" என்று சிரித்தாள். சிவாவைக் கூப்பிட்டு அவரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

கேட்ட ஆவணங்கள் எல்லாம் கையில் இருந்தன. ஆனால் எனக்கு ஒரு குணம். ஒன்று கேட்டால் இரண்டு கொடுப்பேன், போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில். வந்தவர் திரும்பிப் போவார் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் நல்லது என்று எங்கோ வாசித்தேன். ஊரில் வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது என்று தோட்டத்து ஆபிசிலிருந்து ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தால் என்ன என்று தோன்றியது.

சிவாவுக்கு அது பிடிக்கவில்லை. "கேட்டதக் குடு. கேக்காததையெல்லாம் ஏன் சேத்து அனுப்புற?"

"திரும்பிப் போவாங்கன்னு அவங்க நம்பணும்ல."

"டிக்கட் இருக்கே."

"அது போதலன்னா?"

"போதலன்னா கேப்பாங்க. அப்ப குடு."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நிராகரித்துவிட்டால் யார் குழந்தையைப் பார்ப்பது என்ற பதற்றம் எனக்கு. அக்காவிடம் சொன்னேன். "ஆபிசுலயா?" என்றாள். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனவள் திரும்பி நின்று ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். குழந்தை அழுதது. அவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நான் பின்னால் போய்க் கேட்டிருக்கலாம்.

ஆபிசில் பேசியவர் புதிய கிளாக்கர் போலிருந்தது. மரியாதையாகப் பேசினார். நான் என் பெயர், படிப்பு, அக்காவின் பெயர், லயத்தின் இலக்கம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். புஷ்பராணி எங்கள் தோட்டத்துத் தொழிலாளி, எங்கள் தோட்டத்தில் குடியிருக்கிறார் என்று ஒரு கடிதம் வேண்டும் என்றேன்.

"இப்ப அவங்க எங்க இருக்காங்கன்னு சொன்னீங்க, மிஸ்?"

"கனடாவுலங்க. எங்களோடதான். இன்னும் ஆறு மாதம் இருப்பாங்க."

"ஆ, சரிங்க மிஸ்."

அவர் மிஸ் என்று அழைத்தது எனக்குப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் சில நாளிலேயே மின்னஞ்சலில் வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. சிவாவிடம் காட்டி, "பாத்தீங்களா, ஒரு போன்தான்" என்றேன். இணைத்து அனுப்பினேன். பல வாரம் கழித்து இங்கேயுள்ள குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, ஆறு மாதம் தந்திருக்கிறோம் என்று. அன்றைக்கு அக்கா தேங்காய் ரொட்டி சுட்டாள். நாங்கள் நாலு பேரும் அடுப்புப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு நெஞ்சில் பாரமில்லாமல் இருந்தது.

6

அதற்குப் பிறகு மல்லிகா அக்காவிடமிருந்து வந்த குரல் வழக்கம்போல "என்னாடி" என்று ஆரம்பிக்கவில்லை. அக்கா கறிக்குப் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் தொலைபேசியை நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"புஷ்பம், நாந்தான். ஒக்காந்துகிட்டு கேளு. காலையில ஆபிசுலேந்து ரெண்டு பேரு வந்தாங்க. கணக்கப்புள்ளயும் கூட வந்தாரு, அவரு மூஞ்சியே சரியில்ல. ஒன் பேர வெட்டிட்டாங்களாம். காம்பராவ வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம். நா சொன்னேன், ஆளு இருக்கு சார், பாருங்க அடுப்பு எரியுதுன்னு. அதுக்குக் கணக்கப்புள்ள சொல்றாரு, 'மல்லிகா, அடுப்ப நீ எரிக்கிற, அது எனக்கு அன்னையிலேந்து தெரியும். இப்ப ஆளு கனடாவுல, அதுக்கு ஒரு கடுதாசின்னு பெரிய தொர மேசைக்கே போயிருச்சு. கையெழுத்துப் போடுறப்ப, அப்ப காம்பராவுல யாருன்னு கேட்டுருக்காரு. இனிமே நா என்னாத்த சொல்றது'ங்குறாரு. தெரிஞ்சுதான் மனுசன் இத்தன நாளு சும்மா இருந்துருக்காரு. தொறப்ப நானே குடுத்துட்டேன் புஷ்பம். பூட்ட ஒடைக்க விடக் கூடாதுன்னு. சாமி படம், ஒங்கம்மா கம்பளி, பெட்டி, கொழுந்துக்கூட எல்லாம் என் காம்பராவுல இருக்கு. நீ பயப்படாத."

அக்கா மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். இரண்டாவது தடவையும் கேட்டாள். போஞ்சியை நறுக்கி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்கா, நா அந்தக் கடிதத்தக் கேட்டதாலதான்..."

"கணக்கப்புள்ளைக்கு நல்லா ஏச்சு விழுந்துருக்கும், பாவம்" என்றாள். அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. இன்னும் முடிக்கவில்லை.

யார் மேலும் பெரிதாகக் கோபப்பட முடியவில்லை என்பதுதான் என் கஷ்டம். காம்பரா கொடுக்கப்பட்டது மொனராகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளம் ஜோடிக்கு. அவர்களுக்கும் கைக்குழந்தை. தங்க இடம் இல்லாமல் யார் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையிலோ படுத்திருந்தார்களாம். ஆபிஸ் செய்தது ஆபிஸ் செய்கிற வேலை. நான் கேட்டதும் உண்மையைச் சொல்லும் ஒரு கடிதத்தைத்தான். அக்கா தோட்டத்தில் வேலை செய்கிறாள், அங்கேயே குடியிருக்கிறாள் என்று அது சொன்னது. நான் அதைக் கேட்காத வரைக்கும் அது உண்மையாகவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து மல்லிகா அக்கா வீடியோவில் வந்தாள். மழை இருட்டு. "கூரையக் காட்டு" என்றாள் அக்கா. தொலைபேசி ஆடி ஆடி வெளியே போனது. தகரக் கூரை, அதற்கு மேலே புகை. முந்தின நாள் குடிவந்தவர்கள் சமைக்கிறார்கள்.

"பச்ச வெறகு போட்டுருக்கா" என்றாள் அக்கா. "சின்னப் புள்ளயா?"

"சின்னப் புள்ளதான். இருபது இருக்கும். என்னயப் பாத்தாலே பயப்படுது."

"நீ மொறச்சிருப்ப. மொறைக்காதடி. அந்தப் புள்ளகிட்ட சொல்லு, அடுப்புக்கு நேரா மேல தகரம் ஓட்ட, மழைக்குச் சட்டி வைக்கணும். புள்ளத் தொட்டில அந்தப் பக்கம் கட்ட வேணாம். கதவுப் பக்கம் கட்டச் சொல்லு, அங்க ஒழுகாது."

மல்லிகா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைப்பது திரையின் ஓரத்தில் தெரிந்தது. "ஒனக்கு வேற வேல இல்லடி" என்றாள் கடைசியில்.

7

சின்னவனுக்குப் போன மாதம் காப்பகத்தில் இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவன் போவான். நான் அக்காவை இருக்கச் சொன்ன காரணம் முடிந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று சிவாவும் நானும் பேசாத நாள் இல்லை. பதுளையில் கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது, அதில் இருக்கட்டும் என்கிறார் சிவா. என் மாமியாரும் சரி என்றுவிட்டார். அங்கே அக்கா யார் என்ற கேள்வி எனக்கு வருகிறது. மருமகளின் அக்கா, அறையில் இருக்கிறாள், அப்படியே கடையைக் கூட்டிவிடுவாள், பாத்திரம் கழுவிவிடுவாள். யாரும் சொல்ல மாட்டார்கள். அவளாகவே செய்வாள். மல்லிகா அக்கா தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். மறுபடி பெயர் பதியலாம், ஆள் தேவைப்படுகிறது, ஆனால் காம்பரா கிடையாது என்று கணக்கப்பிள்ளை சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கேயே நிரந்தரமாக இருத்திக்கொள்ள வழி இருக்கிறதா என்றும் விசாரித்தேன். சகோதரிகளுக்கு இப்போதைக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆறு ஆறு மாதமாகக் கேட்கலாம், அவர்கள் கொடுக்கிற வரைக்கும்.

அக்காவிடம் கேட்டால் "பாத்துச் செய்" என்கிறாள். வெள்ளிக்கிழமை தலை முழுகுகிறாள், விளக்கேற்றுகிறாள், பிறகு நேரே சமையலறைக்குப் போய்விடுகிறாள். டிக்கட் எப்போது என்று அவள் கேட்டு வெகு நாளாகிறது. எந்த வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வி நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றி முடிக்கும்வரை பக்கத்தில் ஏதாவது வேலை இருப்பது போல நின்று பார்க்கிறேன். கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டாளா என்று நிற்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அந்த முகவரிக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். பதுளை கடையின் முகவரியைத் தட்டினேன். அழித்தேன். மல்லிகா அக்காவின் காம்பரா இலக்கத்தைப் போட்டேன். அதையும் அழித்தேன். பின்னால் சோபாவின் முன்னால் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கரடிக்கு ஒன்பதாம் நம்பர் கொடுத்தாகிவிட்டது. முயல் பிந்தி வந்ததற்காக ஏச்சு வாங்கியது. அக்கா கடைசியில் நின்று சின்னவனின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆரணி அவள் முன்னால் வந்து நின்றாள். பதில் தெரிந்த கேள்வி என்பதால், கேட்கும்போதே பாதித் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தாள்.

"பெரியம்மா நாலாம் நம்பர்தானே?"

அக்கா சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"எங்க போடுறீங்களோ அங்க போறேங்க" என்றாள்.

ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்தாள், இதற்கு என்ன செய்வது என்பது போல. நான் மடிக்கணினியை மூடினேன். இன்றைக்கும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.